சுவரொட்டி ஒட்டாதீர்

கிளாரிவ்
4 மார்ச் 2019

கொரின்,

பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. ஒரு பக்கமாவது படி. உன் முகவரியைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவள் என் மகள் நதேழ். நீ போனபோது அவளுக்கு ஆறு வயது. உன் மடியில் உட்கார்ந்தால்தான் வாயைத் திறப்பாள். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள்.

ஃபெர்னான் ஜனவரியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நுரையீரல்தான். ஆயுசு முழுக்க ஊர்ச் சுவர்களைச் சுரண்டிச் சுரண்டி வெள்ளையடித்த தூசி, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நகராட்சிப் பெயின்டர்கள் வேலைச் சட்டையோடே வந்து சவப்பெட்டியைத் தூக்கினார்கள். வந்தவர்களுக்கு லீக் தண்டும் உருளைக்கிழங்கும் சாஸேஜும் செய்து போட்டேன். எல்லாருக்கும் கணக்காக இருந்தது. அவர் உனக்கு அத்தான். சொல்ல வேண்டியது முறை. அதனால் எழுதுகிறேன்.

இன்னொரு சேதியும் உண்டு. நீ வேலை பார்த்த ஸ்டூடியோ மூடிப் பல வருடமாகிறது. பேப்பர் அட்மிரல்ஸ் பாட்டுக்காரன் டோபி ஹாலம் செத்த பிறகு அந்தக் குழுவே கலைந்துபோனது உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவனுடைய ரசிகர்கள் வருவது நிற்கவில்லை. வாசல் சுவர் முழுக்க இன்னும் எழுதிக்கொண்டேயிருக்கிறார்கள். நன்றி என்பார்கள், உன்னால் உயிரோடு இருக்கிறேன் என்பார்கள், அம்மா பெயரைக்கூட எழுதி வைப்பார்கள். கட்டடத்தை இப்போது ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. மே மாதம் பூச்சை உரிக்கப் போகிறார்கள். கதவுக்கு வலப்பக்கம் 'சுவரொட்டி ஒட்டாதீர்' என்று ஒரு தகரப் பலகை இருக்கிறது. ஊரெல்லாம் வந்து கிறுக்குகிற சுவரில் நகராட்சி வைத்த அந்தப் பலகையோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் இல்லை. அதுவும் போய்விடும். நீ இருந்தபோது அந்தப் பலகை இருந்ததா, எனக்கு நினைவில்லை.

நீ நம்ப மாட்டாய், அவர்களுக்கு இப்போது நான்தான் பேனா கொடுக்கிறேன். ஃபெர்னான் ஓய்வு பெற்ற வருடம் போலந்துப் பெண் ஒருத்தி கதவைத் தட்டி, தன் பேனா காய்ந்துவிட்டது என்று அழுதாள். அன்றிலிருந்து ஜன்னல் விளிம்பில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பேனா. காலையில் எண்ணி வைப்பேன், மாலையில் எண்ணி எடுப்பேன். ஜப்பான்காரர்கள் தலை குனிந்து திருப்பித் தருவார்கள். இத்தாலிக்காரர்கள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் பேனாவோடு போய்விடுவார்கள்.

கடைசி நாட்களில் ஃபெர்னான் அந்தச் சுவரைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். "எப்ப உரிக்கிறாங்களாம்? அன்னைக்கு நீ பக்கத்துல இருக்கணும் மார்த். வேற யாரையும் விடாத." காய்ச்சல் பேச்சு என்று நினைத்தேன். அத்தனை வருடம் வெள்ளையடித்த கை அல்லவா, பாசம் இருக்கும்.

பார்க்க விரும்புகிறவர்கள் மே மாதத்துக்குள் வந்துவிட வேண்டுமாம். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. சொல்லி வைத்தேன், அவ்வளவுதான்.

மார்த்

*

கால்வே
20 மார்ச் 2019

திருமதி மார்த் ருஷா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் கணவர் இறந்ததற்கு வருந்துகிறேன். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டுமென்று உட்கார்ந்தேன். நல்ல மனிதர்தான். எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஆனால் நான் அவரைக் கடைசியாகப் பார்த்த இடம் முன்னால் வந்து நின்றுகொள்கிறது. பேனா ஓடவில்லை. மன்னியுங்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். எவனோடு போனால் ஆறு மாதத்தில் நடுத்தெருவில் நிற்பாய் என்று சொன்னீர்களோ, அந்த டெக்லன் பக்கத்து நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். ஸ்டூடியோவில் ஒலிப்பெருக்கிக்குப் பக்கத்தில் நின்று நின்று ஒரு காது போய்விட்டது. நான் திட்டுவதில் பாதி அவனுக்கு மிச்சம். ஒரு பையன், பெயர் ஃபெர்கஸ், கப்பலில் சமையல் செய்கிறான்.

சுவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை உரித்தால் எனக்கென்ன, உப்புப் போட்டு ஊறவைத்தால் எனக்கென்ன? டப்பா நிறையப் பேனா கொடுக்கிறீர்களாமே. சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. முன்பின் தெரியாத இத்தாலிக்காரன் எழுதப் பேனா கொடுக்கிறீர்கள். உங்கள் கூடப்பிறந்தவள் அதே சுவரில் உங்களுக்கென்று எழுதியதை மட்டும் படித்துவிட்டு, படிக்காத மாதிரி போக முடிந்தது உங்களால்.

மாடி அறையை நதேழின் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

கொரின்

*

கிளாரிவ்
27 மார்ச் 2019

கொரின்,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். தபால் அலுவலகக் கிளார்க்கிடம் பேசுவதுபோல. அம்மா போன வருடம் உனக்குப் பேன் பார்த்து, ஜடை பின்னி, பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப் போனது யார் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அந்த உரிமையை நானேதான் கைகழுவினேன்.

உன் கடிதத்தின் கடைசியில் நீ எழுதியிருப்பதை நாலைந்து தரம் படித்தேன். எனக்கு விளங்கவில்லை. நீ சுவரில் எழுதினாயா? எனக்கா? என்ன எழுதினாய்? எப்போது?

சத்தியமாக நான் பார்க்கவில்லை. நான் பொய் சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும். என்னிடம் உனக்குப் பிடித்த குணம் அது ஒன்றுதான் என்று நீயே சொல்லியிருக்கிறாய், கோபத்தில்தான் என்றாலும்.

அந்தக் காலத்தில் நான் அந்தச் சுவரை எப்படிக் கடப்பேன் என்று நினைத்துப் பார். ஞாயிறு ஆராதனைக்கும் புதன் ஜெபக்கூட்டத்துக்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். வாசலில் முடி வளர்த்த பையன்கள் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்ப்பதே பாவம் என்று நினைத்தேன். ஸ்டூடியோ முனை வந்ததும் தெருவைக் கடந்து ஏரிப் பக்கம் போய்விடுவேன். நதேழையும் அந்தப் பக்கம் திரும்பச் சொல்லி, வேதப்புத்தகத்துச் சங்கீதம் சொல்லிக்கொண்டே நடப்போம். மலையைப் பார், தண்ணீரைப் பார், கர்த்தர் செய்ததைப் பார் என்பேன். மனுஷர் எழுதியதைப் பார்க்காதே என்பேன். அப்படியே வருடக்கணக்கில் ஒரு எழுத்துகூடப் படிக்காமல் கடந்திருக்கிறேன். அன்றைக்கு அதில் எனக்குப் பெருமை. பாஸ்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

நீ எழுதியது அங்கே இருந்திருக்கலாம். நான் அதைத் தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் படித்துவிட்டுப் போகவில்லை.

என்ன எழுதினாய் என்று சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.

மார்த்

*

கால்வே
8 ஏப்ரல் 2019

அக்கா,

பழக்கம் விடவில்லை, அக்கா என்றே வந்துவிட்டது. இருக்கட்டும்.

டெக்லனிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், நல்ல காதுப் பக்கம். கேட்டுவிட்டு, "உங்க அக்கா பொய் சொல்லல. பொய் சொல்றவங்க இவ்வளவு நீளமா எழுத மாட்டாங்க"ன்னான். அவனுக்கு என்ன தெரியும். ஆனால் இரண்டு நாள் அது மண்டைக்குள் சுற்றிக்கொண்டேயிருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். வீட்டை விட்டு இறங்கிய பிறகு உனக்கு இரண்டு கடிதம் போட்டேன். இரண்டும் 'பெறுநர் மறுத்தார்' என்ற முத்திரையோடு திரும்பி வந்தன. தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். வாசலுக்கு வந்தால் நதேழ் முன்னால் கதவைச் சாத்துவாயோ என்று பயம். ஸ்டூடியோ சமையலறையில் சூப் கிண்டிக்கொண்டே யோசித்தேன். கடிதத்தைத் திருப்பி அனுப்பலாம், சுவரைத் திருப்பி அனுப்ப முடியாதே. புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு எப்படியும் அந்த வழியாகத்தான் வருவாய். தெருவைக் கடந்து போவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் எப்போதும் சமையலறைக்குள் அல்லவா இருந்தேன்.

பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு முந்தின திங்கட்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டோபி ஹாலத்துக்கு வந்த படங்களில் கையெழுத்துப் போட வைத்திருந்த நீலப் பேனாவை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். கதவுக்கு வலப்பக்கம், உன் தோள் உயரம் பார்த்து எழுதினேன். அங்கே காத்திருந்த பையன்கள், "அக்கா, நீங்களும் ரசிகையா?"ன்னு கிண்டல் பண்ணினாங்க. பெரிய எழுத்தில் உன் பெயர். வெள்ளிக்கிழமை ஆறு மணிப் படகில் போகிறேன், கோபம் தீராவிட்டாலும் வா, ஒன்றும் பேச வேண்டாம், வந்து நின்றால் போதும் என்று எழுதினேன். ஏறக்குறைய அவ்வளவுதான். சொல்லுக்குச் சொல் நினைவில்லை.

போகாமல் இருந்திருக்க மாட்டேன். அதை உனக்குச் சொல்லிவிட வேண்டும். நீ வந்து நின்றிருந்தாலும் போயிருப்பேன். ஆனால் வழியனுப்ப ஒருத்தி இருந்த பெண்ணாகப் போயிருப்பேன்.

வெள்ளிக்கிழமை படகுத்துறையில் நின்றேன். நீ வரவில்லை. அத்தான் வந்தார். பெயின்ட் தெறித்த தொப்பியோடு டிக்கெட் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு என்னையே பார்த்தார். கிட்டே வரவில்லை. நான் ஒழிந்தேனா என்று பார்த்து வரச் சொல்லி நீ அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? படகு நகர்ந்ததும் அவர் கையைத் தூக்கினார். டெக்லன் கேட்டான், "யாரு அது? உன்னைப் பார்த்துத்தான் கை தூக்குறாரு." தெரியாது என்று சொல்லிவிட்டு, ஏரியின் எதிர்க்கரையான எவியானைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

கொரின்

*

கிளாரிவ்
15 ஏப்ரல் 2019

கொரின்,

உன் கடிதத்தை மேசைமேல் விரித்துவைத்து, அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். சமையல் இன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை.

நான் அவரை அனுப்பவில்லை. அவர் படகுத்துறைக்குப் போனதே எனக்குத் தெரியாது. இந்த இரண்டையும் முதலில் எழுதிவிடுகிறேன்.

நீ வீட்டை விட்டுப் போன இரவுச் சாப்பாட்டில் ஃபெர்னானையும் நதேழையும் வேதப்புத்தகத்தின்மேல் கை வைக்கச் சொன்னேன். அவளுடைய பெயர் இனி இந்த வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது என்றேன். நதேழ் விளையாட்டென்று நினைத்துக் கை வைத்தாள். அவர் வெகு நேரம் என்னைப் பார்த்தார். பிறகு வைத்தார். அவர் எப்பேர்ப்பட்டவர் என்று உனக்குத் தெரியும். பெயின்ட் விலையைக்கூட ஒரு தரம் சொன்னால் மாற்றாதவர். வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை என்று இப்போது தெரிகிறது.

கோடைப் பயணிகள் வருமுன் ஸ்டூடியோச் சுவருக்கு வெள்ளையடிக்கும் வேலை வருடா வருடம் அவருடையது. அந்த வருடம் அது பெந்தெகொஸ்தேக்கு முந்தின வியாழக்கிழமை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சபை விருந்துக்கு ரெசினே கேக் செய்யப் பேரிக்காய்ப் பாகு வைத்துக்கொண்டிருந்தேன், அவர் கை கழுவாமலே அடுப்படி வாசலில் வந்து நின்றார். வழக்கமாக வெள்ளையடித்த நாளில் சுவரில் படித்த கூத்தையெல்லாம் சொல்லுவார். நான் காதைப் பொத்திக்கொள்வதுபோல் பொத்திக்கொண்டு கேட்பேன். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் படகுத்துறைப் பக்கம் நடந்துட்டு வருவமா?" என்றார்.

"எதுக்கு?"

"சும்மா. ஆறு மணிப் படகு போறதப் பாக்கலாம்."

படகைப் பார்க்க என்ன இருக்கிறது, பாகு தீய்ந்துவிடும் என்றேன். சாப்பாட்டில் மறுபடி கேட்டார். காலையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகில் நின்றார். "மார்த், ஒரு தரம் எம்பேச்சக் கேளு. வந்து நின்னாப் போதும்." நான், உங்களுக்கு என்ன வந்தது, வீடு முழுக்க வேலை கிடக்கிறது என்று கடிந்துகொண்டேன். வந்து நின்றால் போதும் என்றார், கொரின். உன் சொல்லை அவர் அப்படியே எடுத்துவந்து என் முன்னால் வைத்திருக்கிறார். உன் பெயரை மட்டும் விட்டுவிட்டு.

அவர் வாயை நான்தான் அடைத்தேன். அடைத்துவிட்டு, ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கு யாரைக் கேட்பேன்?

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் தூண்டிலை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போவார். பெர்ச் மீன் பிடிக்கப் போகிறார் என்று வாணலியைத் துடைத்து வைத்திருப்பேன். வெறுங்கையோடு வருவார். இவ்வளவு மோசமான மீன்பிடிகாரர் ஏரிக்கரையிலேயே கிடையாது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எழுத முடியவில்லை. கர்த்தர் உன்னைக் காப்பாராக.

மார்த்

*

கால்வே
29 ஏப்ரல் 2019

அக்கா,

பத்து நாளாக எழுத உட்கார்ந்து எழுந்து போகிறேன்.

அப்படியானால் அவர் தானாக வந்திருக்கிறார். உன் இடத்தில் வந்து நின்றிருக்கிறார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். படகு நடு ஏரிக்குப் போகும்வரை அவர் தூக்கிய கை இறங்கவில்லையாம். டெக்லன் நேற்றுத்தான் சொன்னான். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "நீதான தெரியாதவர்னு சொன்ன. தெரியாதவர் கைய எவ்வளவு நேரம் தூக்கினா எனக்கென்ன?" என்றான்.

உன்மேல் கோபப்பட எனக்குச் சுலபமாக இருந்தது. முப்பத்திரண்டு வருடம் அதை வைத்துத்தான் இங்கே குளிர் காய்ந்தேன். ஊர் பேர் தெரியாத இடத்தில் வந்து விழுந்தவளுக்கு ஒரு கோபம் துணை. இப்போது அதை எடுத்துவிட்டாய். என் கையில் என்ன இருக்கிறது? நல்ல மனிதர் ஒருவர் தூக்கிய கைக்குப் பதில் சொல்லாதது மட்டும்தான் இருக்கிறது. அதை உன்மேல் போட முடியாது. போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை.

நதேழ் போன வாரம் தொலைபேசியில் பேசினாள். "சித்தி, அம்மா மாடி அறைக்குப் புதுத் திரை தச்சிருக்காங்க. யாருக்குன்னு கேட்டா, காத்து வரட்டும்னு சொல்றாங்க." அழைக்கத் தெரியாதவள் நீ. எனக்கு வரத் தெரியாது. எதைப் பார்க்க வர? நான் எழுதியது அத்தானின் வெள்ளைக்கு அடியில் போய்விட்டது. அதன் மேலே எத்தனை பூச்சு, எத்தனை பேர் கிறுக்கல். அவர் மண்ணுக்கு அடியில். இரண்டையும் பார்க்க முடியாது. வந்து வெறும் சுவரின் முன்னால் நின்று நாம் இரண்டு கிழவிகளும் அழுது, ரசிகர்கள் நம்மைப் படம் எடுப்பார்கள்.

வேண்டாம் அக்கா. கோபத்தில் சொல்லவில்லை.

கொரின்

*

கிளாரிவ்
18 மே 2019

கொரின்,

நேற்றுச் சுவரை உரித்தார்கள். நிதானமாகச் சொல்கிறேன், அவசரப்படாமல் படி.

பேனா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு காலையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருக்கச் சொன்னாரே, அதற்காக. ரசிகர்கள் தெரு நிறைய வந்திருந்தார்கள். பாடினார்கள். அந்தப் போலந்துப் பெண் தனுதாவும் வந்திருந்தாள், இப்போது அவளுக்கு நரைத்துவிட்டது. அருங்காட்சியகத்துக்கென்று சில துண்டுகளை முதலில் வெட்டி எடுத்தார்கள். வெட்டிய ஓரத்தைப் பார்த்தேன். வெள்ளை, எழுத்து, வெள்ளை, எழுத்து என்று அடுக்கடுக்காக, என் விரல் கனத்துக்கு இருந்தது. அவர் கையெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நீ எழுதியதும் அதற்குள் எங்கோ இருக்கிறது, படிக்க முடியாவிட்டாலும் இருக்கிறது, அதில் ஒரு துண்டை உனக்கு அனுப்பலாம் என்றுகூட நினைத்தேன்.

பிறகு பலகைக்கு வந்தார்கள். வேலைக்காரர் போர்ச்சுகல்காரர், நல்ல மாதிரி. திருப்புளியை வைத்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, இது நகராட்சி வச்ச பலகையா?"

"வேற யாரு வைப்பா?"

"நகராட்சி எங்கயாவது பித்தளைத் திருகாணி போடுமா? துரு ஏறக் கூடாதுன்னு யாரோ பாத்துப் பாத்துப் போட்டிருக்காங்க."

அப்போதுதான் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டு அலமாரிக்குப் போட்ட அதே திருகாணி. வலப்பக்கம், தோள் உயரம் என்று நீ எழுதியிருந்தாய். நான் ஒரு மாதமாகத் தினமும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே உன் கடிதத்தைப் படித்திருக்கிறேன்.

பலகைக்குப் பின்னால் மெழுகுத்தாள். மெழுகுத்தாளுக்குப் பின்னால் வெள்ளைபடாத பழைய சுவர், அதில் நீ.

மை கொஞ்சமும் மங்கவில்லை. அவர் அதன்மேல் வெள்ளையடிக்கவில்லை கொரின். அடிக்கச் சொன்ன இடத்தில் அடிக்காமல், பலகை செய்து மூடி, வருடா வருடம் அதைச் சுற்றி அடித்திருக்கிறார். நகராட்சி வைத்தது என்று நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: 'மார்த், வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிப் படகு. கோபம் தீராவிட்டாலும் வா. ஒன்றும் பேச வேண்டாம். வந்து நின்றால் போதும். கொ.'

நான் அங்கேயே மண்டியிட்டுவிட்டேன். ஜெபம் செய்யத்தான் குனிந்தேன், உன் எழுத்தையே மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜப்பான் பையன் மரியாதையாகப் பக்கத்தில் வந்து, இது எந்தப் பாட்டில் வருகிற வரி, எனக்குத் தெரியவில்லையே என்று கேட்டான். எல்லாப் பாட்டும் மனப்பாடமாம் அவனுக்கு. "இது என் தங்கச்சி எழுதினது"ன்னு சொன்னேன். அவன் தன் தொப்பியைக் கழற்றினான்.

அருங்காட்சியகக்காரர்கள் கேட்டார்கள். தர மாட்டேன் என்றேன். ஒரு கிழவி சுவருக்குக் குறுக்கே நின்றால் யார் என்ன செய்ய முடியும்? வேலைக்காரர் பதமாக வெட்டித் துணியில் சுற்றிக் கொடுத்தார். இப்போது சாப்பாட்டு மேசையில், நீ உட்காரும் இடத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. மாலையில் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். தூண்டில் இல்லாமல்தான். இப்போதெல்லாம் ஆறு மணிக்குப் படகு இல்லை, கொஞ்சம் முன்னால் ஒன்று போகிறது. டிக்கெட் ஜன்னல் பக்கத்தில் நின்றேன். படகிலிருந்து முன்பின் தெரியாத குழந்தைகள் கையாட்டின. நானும் ஆட்டினேன். நடு ஏரிக்குப் போகும்வரை கையைத் தூக்கி வைத்திருந்து பார்த்தேன். தோள் என்னமாய் வலிக்கிறது. அவருக்கும் வலித்திருக்கும்.

நான் பிந்திவிட்டேன். அதற்குக் கணக்கு எழுத என்னிடம் புத்தகம் இல்லை. உன்னை வா என்றும் எழுதமாட்டேன். நீ வா என்று எழுதியபோது வராதவள் நான். நீ எழுதியதை நான் படித்துவிட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இது.

மார்த்

*

கால்வே
24 மே 2019

அக்கா,

உன் கடிதத்தை டெக்லன்தான் எனக்குப் படித்துக் காட்டினான். பலகையைக் கழற்றிய இடத்தில் என் கண் நின்றுவிட்டது. அவன் படித்து முடித்துவிட்டு, காது கேட்காதவர்கள் பேசுவதுபோல் தெருவுக்கே கேட்கும்படி, "அந்தாளு தெரியாதவர் இல்ல கொரின்" என்றான். எனக்கு இப்போதுதான் தெரியும் என்றேன்.

சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது பின்னால் பிடித்திருக்கிறேன் பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஓடி வருவார், நினைவிருக்கிறதா? திரும்பிப் பார்த்தால் கையை விட்டிருப்பார். இந்தத் தடவை விடவில்லை. திரும்பிப் பார்க்காதவள் நான்தான்.

ஒன்றைக் கவனித்தாயா? பேனாவைக்கூட எண்ணி வைக்கிறவள் நீ, இதைக் கோட்டை விட்டிருக்கிறாய். சுவரில் நான் தேதி போடவில்லை. வெள்ளிக்கிழமை என்றுதான் எழுதியிருக்கிறேன், எந்த வெள்ளிக்கிழமை என்று எழுதவில்லை. அத்தான் கவனித்திருக்கிறார். இல்லாவிட்டால் மீன் பிடிக்கத் தெரியாத மனிதர் எதற்காக அத்தனை வெள்ளிக்கிழமை தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்?

ஜூன் மாதம் ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை. எவியான் பக்கத்திலிருந்து வருவேன், போன வழியாகவே. ஆறு மணிப் படகு இல்லையென்றால் இருக்கிற படகு. டெக்லனும் வருகிறான், அவனுக்கு இடது பக்கமாகப் பேசு. மேசைமேல் இருக்கிற சுவரை எடுத்து அலமாரியில் வை, சாப்பிட இடம் வேண்டும்.

வீட்டுக்குப் பிறகு போகலாம். முதலில் என்னை அவர் இருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போ. அவரைப் பார்த்து நான் ஒரு தரம் கை தூக்க வேண்டும். எத்தனை நேரம் ஆகும் என்று தெரியாது. ரொம்பப் பிந்திவிட்டது, அவர் பார்க்கமாட்டார், எல்லாம் எனக்குத் தெரியும். நீ சமாதானம் சொல்லாதே, ஜெபம் செய்யாதே, என் தோளைப் பிடிக்காதே.

ஒன்றும் பேச வேண்டாம். வந்து நின்றால் போதும்.

கொ.